இருநூறு மில்லி

ஏப்ரல் 1

பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் எங்கள் குழுவுக்கு ஆறாம் வகுப்பு அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். அறைக்கேற்ற ஆறாம் வகுப்புப் பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடுகிறது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு யோகாசனம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை.

குழுவில் பேப்பர் திருத்தும் ஆசிரியர்கள் ஆறு பேர். எங்களுக்கு மேலே கூர்ந்தாய்வு அலுவலர் ஜெசிந்தா மேடம். நாங்கள் போட்ட மார்க்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவருக்கு மேலே முதன்மைத் தேர்வாளர் பரமானந்தம் சார். அவருக்கு மேலே முகாம் அலுவலர். அவருக்கு மேலே மேலிடம். மேலிடத்துக்கும் மேலே ஒரு மின்விசிறி இருக்கிறது, அது ஓடவில்லை.

பக்கத்தில் காஜா மைதீன், கடையநல்லூர்க்காரர். சிவப்பு மைப் பேனா இரண்டு கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பேனா, கண்ணாடி, கைக்குட்டை என்று எடுத்துவைக்கிற ஆள் வீட்டில் இல்லாததால் வந்த வினை.

ராத்திரிக்குச் சாதம் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது இத்தனை மாதமாகியும் பிடிபடவில்லை. நாளைக்கும் பழையதுதான். இந்த மாதிரிப் புலம்பலையெல்லாம் முன்பு என் மனைவி மங்கை கேட்பாள். இப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி கேட்கிறது. டைரி குறுக்கே பேசுவதில்லை என்பது ஒரு வசதி.

ஏப்ரல் 2

விடைக்குறிப்பு வந்தது. மேலிடம் அனுப்பியது என்பதால் பரமானந்தம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முப்பத்தெட்டாம் கேள்வி, ஐந்து மதிப்பெண். நூறு மில்லி 0.3 மோலார் சில்வர் நைட்ரேட் கரைசலுடன் நூறு மில்லி 0.2 மோலார் சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்க்கிறார்கள். வீழ்படிவு உண்டானபின் கரைசலில் எஞ்சியிருக்கும் சில்வர் அயனிகளின் செறிவு என்ன?

சாதாரணக் கணக்கு. சில்வர் வந்தது 0.03 மோல், குளோரைடு 0.02 மோல். இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து தயிர் மாதிரி வெள்ளையாக அடியில் படிந்துவிடும். சேர ஆள் கிடைக்காமல் 0.01 மோல் சில்வர் தண்ணீரில் தனியாக அலையும். அது அலைவது எவ்வளவு தண்ணீரில்? நூறும் நூறும் இருநூறு மில்லி. ஆகவே 0.05 மோலார்.

விடைக்குறிப்பில் 0.1 என்று இருக்கிறது. அதாவது நூறு மில்லியால் வகுத்திருக்கிறார்கள். சோடியம் குளோரைடு கரைசலை ஊற்றி, உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை யாரோ குடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தக் கடைசிப் படிக்கு இரண்டு மதிப்பெண். சரியாகப் போட்ட பிள்ளைக்கு இரண்டு போகும், தப்பாகப் போட்ட பிள்ளைக்கு இரண்டு கிடைக்கும். கட்ஆஃபில் அரை மார்க்குக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிற ஊர் இது.

பரமானந்தம் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திருமலையப்பன் சார், நீங்க பேப்பரத் திருத்த வந்திருக்கீங்க. ஆன்சர் கீயத் திருத்த வரல.”

“கணக்கு தப்பா இருக்கு சார்.”

“இருக்கட்டும். எல்லா முகாம்லயும் ஒரே மாதிரி தப்பா இருந்தா அது சரிதான்.”

இதற்கு மேல் பேச எனக்கு என்ன வந்தது? விடைக்குறிப்பின்படியே திருத்தினேன்.

ஏப்ரல் 3

மங்கை போன் செய்தாள்.

“கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா?”

“ஆச்சு.”

“சரி.”

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் நாலு வார்த்தை பேச வேண்டும். சென்ற ஜூன் வரை நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தோம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது, வேதியியலுக்கு ஒரு ஆசிரியர் போதும், இன்னொருவர் உபரி என்று உத்தரவு வந்தது. பணியில் இளையவர் போக வேண்டும் என்பது விதி. மூத்தவர் தானாகக் கேட்டால் அவர் போகலாம் என்பதும் விதிதான். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்கு முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது, டாக்டர் சீட்டு இருக்கிறது. மங்கை தர்மபுரிக்குப் போனாள். விதியை நான் எழுதவில்லை.

ஏப்ரல் 4

இன்று வந்த விடைத்தாள் கட்டில் ஒரு வேடிக்கை.

முதல் பேப்பரில் முப்பத்தெட்டாம் கேள்வி. சமன்பாடு எழுதி, மோல் கணக்குப் போட்டு, ஓரத்தில் ஒரு குடம் வரைந்திருந்தது. குடத்துக்குள் “100 + 100 = 200” என்று எழுதி, அதற்கப்புறம் வகுத்து, 0.05. இரண்டாம் பேப்பரிலும் குடம். மூன்றாவதிலும் குடம். கட்டு முழுக்கக் குடங்கள். திறந்தால் குழாயடி மாதிரி இருந்தது. ஒரு பிள்ளை குடத்துக்குக் கைப்பிடி வேறு வைத்திருந்தது. எல்லாரும் 0.05. விடைக்குறிப்பின்படி எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் காலி.

யாரோ ஒரு டீச்சர் இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்த மாவட்டம், எந்தப் பள்ளி என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பேப்பரில் பெயர் இருக்காது, பொய் எண்தான் இருக்கும். கட்டு எந்தப் பள்ளியுடையது என்று அடையாளம் தெரிந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு குழுவுக்குப் போய்விடும். வேறு குழுவில் இரண்டைக் கழித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

இந்தக் குடத்தை நான் இதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. பத்து வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில், எனக்குப் பக்கத்து மேஜையில், ரெக்கார்டு நோட்டுகளின் மேல் பார்த்ததே இல்லை. “எல்லாத்தையும் முதல்ல குடத்துக்குள்ள ஊத்து, அப்புறம் கணக்குப் போடு” என்று பக்கத்து வகுப்பிலிருந்து சுவரைத் தாண்டி வரும் குரலையும் நான் கேட்டதில்லை. “இது கெமிஸ்ட்ரியா, தண்ணி லாரியா?” என்று நான் யாரையும் கிண்டல் செய்ததும் இல்லை. யாராவது பின்னால் கேட்டால் காட்டுவதற்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லா பேப்பருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

ஏப்ரல் 5

ஜெசிந்தா மேடம் விடுவாரா? காலையிலேயே கட்டோடு வந்து நின்றார்.

“சார், கீல 0.1ன்னு இருக்கு. நீங்க 0.05க்கு முழு மார்க் போட்டிருக்கீங்க.”

“அதுதான மேடம் சரி.”

“சரி, தப்பு எல்லாம் எனக்குத் தெரியாது சார். கீப்படி இருக்கான்னு பார்க்கத்தான் என்னை உட்கார வச்சிருக்காங்க.” மேடம் தெரியாதவர் இல்லை, வேதியியலில் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம். அதையும் இந்த முகாமில் யாரும் கேட்கவில்லை. “அது சரி, இந்தக் கட்டுல மட்டும் ஏன் சார்? தெரிஞ்ச பள்ளிக்கூடமா?”

“எல்லாக் கட்டுலயும்தான் போடுதேன்” என்றேன்.

காஜா மைதீன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடம் உள்ள ஒரே குறை, நேரம் தெரியாமல் உண்மை பேசுவது.

“இல்லயே அண்ணாச்சி. ரெண்டாம் தேதி ஒரு புள்ள 0.05 எழுதியிருந்துச்சே. பாவமா இருக்குன்னு என்கிட்ட காட்டிட்டு நீருதான ரெண்டக் கழிச்சீரு?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன்.

அது வேறு விஷயம். அன்றைக்கு விடைக்குறிப்பை மதித்தேன், இன்றைக்குக் கணக்கை மதிக்கிறேன். மனிதன் வளரக் கூடாதா? ஆனாலும் அந்தப் பிள்ளையின் கட்டு எங்கே என்று விசாரித்தேன். சீல் வைத்து மார்க் பதிகிற அறைக்குப் போய்விட்டதாம். குடம் வரையத் தெரியாத பிள்ளை அது. அதற்காக யாரும் பேசவில்லை, நான் உட்பட. மனது சரியில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6

பரமானந்தம் சார் கூப்பிட்டார். மார்க்கைக் குறைத்துவிட்டு, கட்டின் மேலட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கையெழுத்து விழுந்தால் சீல், சீல் விழுந்தால் அவ்வளவுதான், கட்டு திரும்பாது. போட மாட்டேன் என்றேன். என் குரலை நானே அந்த உயரத்தில் கேட்டது ரொம்ப நாளைக்கு அப்புறம்.

“மெமோ வரும், தெரியும்ல?”

“வரட்டும் சார்.”

“இன்கிரிமெண்ட்ல கை வைப்பாங்க.”

“வைக்கட்டும் சார்.”

“யாருக்காக சார் இதெல்லாம்?”

“வேதியியலுக்காக” என்றேன். எவ்வளவு கம்பீரமான பதில். அரங்கில் கூட்டம் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். ஆறாம் வகுப்பு அறை என்பதால் ஒரு கொசு மட்டும் தட்டுப்பட்டது.

திங்கட்கிழமை காலை வரை அவகாசம். அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் கட்டு வேறு குழுவுக்குப் போகும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

துணி துவைத்தேன். மங்கையின் நம்பரை இரண்டு தடவை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டேன். என்ன சொல்வது? “உன் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள்” என்று சொன்னால் ரகசியம் உடையும், கட்டு போகும். அப்புறம் நான் சொல்கிற கணக்கு கணக்காக இருக்காது, பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுவதாக இருக்கும். ஆகவே, அந்தக் குடம் யாருடையது என்று எனக்குத் தெரியாது.

கேஸ் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 8

முகாமில் பதினொரு மணிக்கு மோர் வரும். இந்த முகாமில் மேலிடத்தைக் கேட்காமல் நடக்கும் ஒரே நல்ல காரியம் அது.

பரமானந்தம் சார் மேலட்டையை நீட்டினார். நான் அவருடைய மோர் டம்ளரையும் என்னுடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் நிறைய இருந்தன. காஜா மைதீனிடம் இன்னொரு காலி டம்ளர் வாங்கி சார் முன்னால் வைத்தேன்.

“சார், இந்த ரெண்டு டம்ளரையும் இந்த ஒரு டம்ளருக்குள்ள ஊத்திக் காட்டுங்க. ஊத்திட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுடுதேன்.”

“என்ன சார் விளையாட்டு?”

“விடைக்குறிப்பு அப்படித்தான் சார் சொல்லுது. நூறையும் நூறையும் சேர்த்தா நூறுங்குது.”

மற்றவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். பரமானந்தம் சார் முப்பத்து மூன்று வருஷம் வேதியியல் எடுத்தவர். அவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ஊற்ற ஆரம்பித்தார். கோபமோ பிடிவாதமோ தெரியவில்லை. முதல் டம்ளரிலேயே காலி டம்ளர் நிறைந்தது. இரண்டாவதைச் சாய்த்தார். மோர் விளிம்பைத் தாண்டி, மேஜையில் ஓடி, மேலிடத்தின் விடைக்குறிப்பில் முப்பத்தெட்டாம் கேள்விப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கறிவேப்பிலை ஒன்று 0.1 மேல் உட்கார்ந்துகொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தது ஜெசிந்தா மேடம். முதலில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, அப்புறம் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “சார், எனக்கும் மொத நாளே தெரியும். கேட்டாத்தான சொல்ல முடியும்?” என்றார்.

பரமானந்தம் சார் விடைக்குறிப்பை உதறினார்.

“எழுதிக் கொடுங்க. முகாம் அலுவலர் மூலமா நான் அனுப்புறேன். என் கையெழுத்தும் போடுறேன்” என்றார். அப்புறம், “ஒரு படமும் போட்டுக் கொடுங்க. மேல இருக்கறவங்க நாலு வரிக்கு மேல படிக்க மாட்டாங்க. படம்னா பார்ப்பாங்க” என்றார்.

என்ன படம் போடுவது? பீக்கர் வரையலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை எங்கோ போயிற்று. குடம்தான் வந்தது. உள்ளே 100 + 100 = 200. பக்கத்தில், எஞ்சிய சில்வர் 0.01 மோல். நல்ல வேளை, முகாமில் யாரும் பேப்பரை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

மேடம் பார்த்தார். கட்டைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார். கட்டைத் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, “பதில் வர்ற வரைக்கும் இது கூர்ந்தாய்வுல இருக்கு” என்றார்.

ஏப்ரல் 9

பதில் இல்லை. மேலிடத்தில் விடுமுறை மனநிலை போலிருக்கிறது. பழைய சாதம்.

ஏப்ரல் 10

பதில் வந்தது. மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து, முப்பத்தெட்டாம் கேள்விக்கு 0.05 என்றாலும் முழு மதிப்பெண், 0.1 என்றாலும் முழு மதிப்பெண் என்று உத்தரவிட்டிருக்கிறது. நூறும் நூறும் இருநூறு. சில சமயம் நூறு. அரசாங்கத்துக்கு இரண்டும் சம்மதம்.

இதுவரை சீல் வைத்த கட்டுகளையும் பிரித்து மார்க்கைத் திருத்த வேண்டும். எல்லா முகாமிலும் எத்தனை ஆசிரியர்கள் என்னைச் சபித்திருப்பார்கள் என்று கணக்குப் போட ஆசை. இன்றைக்கு எல்லாரும் இரவு எட்டு மணி வரை. காஜா மைதீன், “அண்ணாச்சி, உமக்கு வேதியியல் மேல இவ்வளவு பாசமான்னு ஊரே கேக்கு” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். நல்ல மனுஷர், இந்தத் தடவை நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் தேதிக் கட்டும் திரும்பி வந்தது. குடம் இல்லாத அந்தப் பிள்ளையின் பேப்பரைத் தேடி எடுத்து, மூன்றை அடித்து ஐந்து போட்டேன். மேடத்தின் இழுப்பறையிலிருந்து குடக் கட்டும் வந்தது. மேலட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12

முகாம் முடிந்தது. வீட்டுக்கு வந்து படியேறும்போது போன். மங்கை.

கேஸ் பற்றித்தான் என்று நினைத்து, “இன்னும் வரல” என்றேன்.

“குடத்துக்குக் கழுத்து எங்க?” என்றாள்.

“எந்தக் குடம்?”

“எல்லா முகாமுக்கும் அனுப்பின குடம். உத்தரவோட நீங்க எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க. இங்க தர்மபுரி முகாம்ல நேத்து எங்க குழுவுக்கும் வந்துச்சு. யாரு இந்தத் தண்ணி லாரின்னு எல்லாரும் சிரிச்சாங்க. குடத்துக்குக் கழுத்து வைக்காம பானையா வரைஞ்சு வச்சிருக்கீங்க.”

“அவசரத்துல போட்டது.”

“பத்து வருஷம் கிண்டல் பண்ணீங்களே.”

தர்மபுரியில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

“எம் பிள்ளைங்க பேப்பர் உங்ககிட்டயா வந்துச்சு?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது. ரகசியம்.”

“சரி.”

வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது. இந்த “சரி”க்கு அப்புறம் எப்போதும் வைத்துவிடுவாள்.

“ஒரு பிள்ளை குடத்துக்குக் கைப்பிடி வரைஞ்சிருந்துச்சு” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. “ரேவதிதான் அது. வருஷம் முழுக்கச் சொன்னேன், குடத்துக்கு ஏதுடி கைப்பிடின்னு. கேட்டாத்தான?” சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். “அதுக்கு அக்ரி காலேஜ் கிடைக்கணும். அப்பா இல்லாத பிள்ளை. அந்த ரெண்டு மார்க் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு…” என்று முடிக்காமல் விட்டாள்.

படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பையில் கைக்குட்டையைத் தேடினேன் என்று இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டைரி யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது?

“மே மாசம் மாறுதல் கலந்தாய்வு வருதுல்லா” என்றேன். “உங்க பள்ளிக்கூடத்துல வேதியியலுக்கு இன்னொரு இடம் காலியா இருக்கா?”

“இங்க இல்ல.” அப்புறம், “பக்கத்து ஊர்ல இருக்கு. பஸ்ஸுல முக்கால் மணி நேரம். காலையில உட்கார இடம் கிடைக்காது, நின்னுக்கிட்டேதான் போகணும்” என்றாள்.

“நிக்கலாம்.”

“முழங்கால்?”

பத்து நாள் ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்ததில் அது சரியாகிவிட்டது என்று சொன்னேன்.